எட்டுக் காலுக்கும் ஒரு குரல்

இடைவேளை முடிந்து விளக்குகள் அணைந்தபோது சுகிர்தாவுக்குப் பத்தொன்பது நிமிஷம் மிச்சமிருந்தது. அதற்குள் எழுந்து போய் டைரக்டர் மறைமலை சாரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் நல்லது என்பதெல்லாம் இல்லை, சொல்லியே தீர வேண்டும், இனி இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று துப்பட்டாவை இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டாள். முடிந்துகொண்டவள் உடனே எழுந்தாளா என்றால், இல்லை. ஒன்பது வருஷமாக உதவி இயக்குநர், அப்புறம் இணை இயக்குநர் என்று குப்பை கொட்டியவள், இந்தப் படத்தில் எந்த நொடியில் எது வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். முதலில் தண்ணீர்த் தொட்டிக் காட்சி, அது ஐந்து நிமிஷம். பிறகு ரேஞ்சர் காட்டுக்குள் போய்ச் சாவது, எட்டு நிமிஷம். பிறகு கதாநாயகி அழுவது. அதற்கும் பிறகுதான் கூலி ஆட்களின் கொட்டகை, அதுதான் அந்த ஷாட். ஆகவே நேரம் இருக்கிறது, தொட்டிக் காட்சி முடியட்டும் என்று தனக்குத் தானே சலுகை கொடுத்துக்கொண்டாள். மறைமலை சார் நின்றது இடது பக்க வெளிவாசல் திரைச்சீலை ஓரம். இவள் உட்கார்ந்திருந்தது ஜே வரிசையின் நட்டநடுவில். இடையில் ஒன்பது ஜோடி முழங்கால்கள். காலையில் அவர்தான் இவளை இங்கே உட்காரவைத்தார். நீ நடுவுல உக்காந்து நாடி பாரு சுகிர்தா, எங்க சிரிக்கிறாங்க, எங்க ஃபோனை எடுக்கிறாங்கன்னு மனசுல குறிச்சுக்கோ என்றார். தான் மட்டும் போய்த் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். படத்தை அவர் பார்ப்பதில்லை, பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். முதல் பாதி முழுக்க அப்படியே நின்றார். அந்த முகங்களும் முதல் பாதி முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தன.

சிரிப்பில் என்ன ஆச்சரியம் என்று சுகிர்தா நினைத்தாள். ராட்சதச் சிலந்திப் படத்துக்கு, அதுவும் முகம் தெரியாத நடிகர்களை வைத்து ஜவ்வாது மலையில் எடுத்த படத்துக்கு, வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு வருகிறவர்கள் சிரிப்பை வீட்டிலிருந்தே கட்டுச்சோறு மாதிரி கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். போஸ்டரில் 'வலைக்காடு' என்ற எழுத்துக்குப் பின்னால் எட்டுக் கால் தெரிந்ததுமே தீர்ப்பு எழுதியாகிவிட்டது, உள்ளே வருவது கையெழுத்துப் போடத்தான். சிலந்தி முதல் தடவை பாறைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டியபோது பின்வரிசையில் ஒருவன், "டேய், அந்தக் கண்ணெல்லாம் பைக் இண்டிகேட்டர்டா" என்றான். எங்கேயோ மெக்கானிக்காக இருக்க வேண்டும். பைக் இண்டிகேட்டர்தான், எட்டும் அதுதான், இரண்டு நாள் அலைந்து ஒரே அளவில் பொறுக்கியெடுத்தவள் சுகிர்தாதான். மேலே ஒட்டியிருந்த மயிர் தேங்காய் நார் என்று இன்னொருவன் கண்டுபிடித்தான். அதுவும் சரி. இவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் எல்லாம் தெரிந்தவன். சிலந்திக்குக் கால் வயிற்றிலிருந்து வராது, நெஞ்சிலிருந்துதான் வரும், இவங்க வயித்துல சொருகி வச்சிருக்காங்க பாரு என்று பக்கத்திலிருந்தவனுக்குப் பாடம் எடுத்தான். அவனுக்கு மட்டும் சுகிர்தா மனசுக்குள் ஒரு வணக்கம் போட்டாள். கால் வயிற்றில் வந்ததற்குக் காரணம், நெஞ்சில் மாட்டினால் ஃபைபர் கூடு நடுவில் விரிந்துபோனது. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது. ஆனால் முதல் பாதி முழுக்க நாடி பார்த்ததில் அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. நாரை மன்னிக்கிறார்கள், இண்டிகேட்டரை மன்னிக்கிறார்கள், கம்ப்யூட்டரில் சரியாக அழியாத கயிற்றைக்கூட ஒரு விசிலோடு மன்னித்துவிடுகிறார்கள். நடையை மட்டும் மன்னிப்பதில்லை. சிலந்தி நின்றால் சிரிக்கிறார்கள், பாய்ந்தால் சிரிக்கிறார்கள், நடக்கும்போது மட்டும் ஒரு கணம் யோசிக்கிறார்கள். அந்த ஒரு கணம் முதல் பாதியில் மூன்று தடவை வந்தது. மூன்றையும் குறித்து வைத்திருந்தாள். இடைவேளையில் அவரிடம் சொல்லவேண்டியது இதுதான், இதையும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய மற்றதையும் சொல்லவில்லை.

திரையில் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒருவன் எட்டிப் பார்த்தான். "எட்டிப் பாக்காதடா, எட்டுக் காலும் உள்ளதான் இருக்கு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது, தியேட்டர் சிரித்தது. மறைமலை சாரின் தலை மட்டும் திரைச்சீலைக்குப் பக்கத்தில் அசையாமல் தெரிந்தது. அவர் இந்தப் படத்தைக் காமெடியாக எடுக்கவில்லை. அதுதான் சங்கடம். கிண்டலுக்காக எடுத்துவிட்டு, வேண்டுமென்றேதான் அப்படி எடுத்தோம் என்று தப்பித்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். பன்னிரண்டு வருஷம் மற்றவர்கள் படத்தில் வேலை பார்த்து, கடைசியில் கையில் கிடைத்த சின்னத் தொகையில், வெறும் பயத்தை நம்பி எடுத்தார். முதல் நாள் மலையில் பூசணிக்காய் உடைத்தபிறகு எல்லாரையும் சுற்றி நிற்கவைத்துச் சொன்னார்: "எனக்கு அவார்டு வேணாம், நூறு நாள் வேணாம். ஒரே ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் தியேட்டர் வாயை மூடிக்கிட்டு உக்காரணும். ஒருத்தன் பாப்கார்னைக்கூட மெல்லக் கூடாது. அந்த ஒரு நிமிஷம் கிடைச்சுதுன்னா நான் டைரக்டர்." அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் எழுதியதுதான் கொட்டகை ஷாட். வெட்டே கிடையாது. தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே பதினாறு பேர் தூங்குகிறார்கள். அவர்கள்மேல் கால் படாமல், ஒவ்வொரு காலாக இடம் பார்த்து வைத்து, சிலந்தி அந்தத் தூங்கும் உடம்புகளைக் கடந்து போகிறது. பாட்டும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. பூச்சிகளின் சத்தம் மட்டும். பூச்சிகளின் சத்தமும், அதற்கடியில் சன்னமாக, ஒண்ணு மூணு அஞ்சு ஏழு, ரெண்டு நாலு ஆறு எட்டு என்று எண்ணிக்கொண்டே போகும் சுகிர்தாவின் குரலும்.

அந்தக் குரல் படத்தில் இருக்கக் கூடாது. அது படப்பிடிப்பில் ஆட்களுக்காகப் போட்ட குரல். சாரத்தின்மேல் எட்டுப் பேர், ஆளுக்கொரு கயிறு, கயிறு ஒவ்வொன்றும் ஒரு கப்பி வழியாக இறங்கி ஒரு காலைத் தூக்கும். சிலந்தியைச் சுற்றி வட்டமாகக் கால்களுக்கு நம்பர். முதலில் ஒத்தை நம்பர் நாலும் ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டும், அப்புறம் ரெட்டை நம்பர் நாலும். அப்படிப் போனால்தான் நடையில் உயிர் வரும். ஆரம்பத்தில் இதைக் கையசைத்துத்தான் செய்தார்கள். இருபத்து மூன்றாம் நாள், காட்டுச் சத்தம் சுத்தமாகப் பதிவாக வேண்டும், யாரும் மூச்சுவிடக் கூடாது என்று சவுண்டு இன்ஜினியர் ஜெரால்டு கேட்டுக்கொண்டான். சுகிர்தா கீழே நின்று கையை ஆட்டினாள். ஆறாவது கயிற்றைப் பிடித்திருந்த தாசரதனுக்கு மரக்கிளை மறைத்தது, அவர் ஒரு நொடி பிந்தி இழுத்தார், கயிறு வெடுக்கென்று ஓடியது, இரண்டு விரல் கப்பிக்குள் போயிற்று. அந்தச் சத்தத்தை ஜெரால்டின் மைக் பதிவு செய்தது. சுகிர்தாவின் காதும் பதிவு செய்தது. மைக்கிலிருந்து அழித்துவிட்டார்கள். இவளுக்கு இன்னும் சில நாள் கதவு தாழ்ப்பாள் விழும்போது, கரும்பு மெஷின் சுற்றும்போது, அது திரும்ப வரும். தாசரதன் கத்தவில்லை, அதுதான் பயங்கரம். ஷாட் கெட்டுப் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், மறைமலை சார் கட் சொன்னபிறகுதான் கையைக் காட்டினார். அன்றைக்கு ஜீப்பில் அவரை மலையிறக்கி அனுப்பிவிட்டு வந்து சுகிர்தா டைரக்டர் முன்னால் நின்றாள். இனிமேல் நான் வாய்விட்டு நம்பர் சொல்லாம ஒரு காலும் தூக்கக் கூடாது சார், சத்தம் வேணும்னா நான் மலையிலேர்ந்து இறங்கிடுறேன், வேற ஆளைப் பாத்துக்கோங்க என்றாள். அவர் ஜெரால்டைப் பார்த்தார். பைலட்ல வரும் சார், அப்புறமா எடுத்துக்கலாம் என்றான் ஜெரால்டு. பைலட் என்றால் படப்பிடிப்பில் ஒரு குறிப்புக்காகப் பதிவு செய்யும் சத்தம், கடைசியில் எல்லாவற்றையும் மாற்றிப் புதிதாகப் போட்டுவிடுவார்கள். அதனால் சரி என்றார்கள். அடுத்த பதினெட்டு நாளும் அவள் எண்ணினாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை, தொண்டை கட்டினால் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு எண்ணினாள். அதற்கப்புறம் ஒருவருக்கும் நகக்கண்ணில்கூட அடிபடவில்லை.

ஆகவே எண்ணியதற்கு அவள் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இதைத் தெளிவாகப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும், அவரிடம் போய் நிற்கும்போது குழம்பிவிடக் கூடாது. எண்ணியது சரி. எண்ணியதை எடுக்காமல் விட்டதுதான் தப்பு. கொட்டகை ஷாட்டுக்கு மட்டும் எந்தப் புதுச் சத்தமும் பொருந்தவில்லை. ஸ்டூடியோவில் போட்ட பூச்சிச் சத்தம் எல்லாம் ஸ்டூடியோ பூச்சியாகவே இருந்தது. பைலட்டில் இருந்த காட்டுச் சத்தம்தான் உயிரோடு இருந்தது, அதையே வைத்துக்கொள்ளலாம், குரலை மட்டும் நீக்கிவிடு என்றார் மறைமலை சார். ஜெரால்டு நீக்கினான். நீக்கிவிட்டதாக நினைத்தான். பாதி குறைந்ததே தவிரப் போகவில்லை. கடைசியாகக் கேட்டுப் பார்த்து ஓகே போட வேண்டியவள் சுகிர்தா. கேட்டாள். மூன்று தடவை கேட்டாள். ஓகே என்று கையெழுத்துப் போட்டாள். காதில் கோளாறு ஒன்றுமில்லை. பதினெட்டு நாள் கேட்டுக் கேட்டு அந்த எண்ணிக்கை காட்டோடு சேர்ந்துபோயிருந்தது, மின்விசிறி சத்தம் மாதிரி, ஓடுவதே தெரியாது. அவளுக்கு மட்டுமா, ஜெரால்டுக்கும், எடிட்டருக்கும், மறைமலை சாருக்கும்கூட. மலையில் இருந்த ஒருத்தர் காதிலும் அது விழவில்லை. நேற்றுக் காலை கீழ் வீட்டு ரெஜினா அக்கா, நீ எடுத்த பூச்சியை எங்களுக்கெல்லாம் காட்ட மாட்டியா என்று வம்பு பண்ணியதால் அந்த ஷாட்டை ஃபோனில் ஓட்டிக் காட்டினாள். அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். நல்லாத்தான் இருக்கு, ஆனா பின்னாடி ஒரு பொம்பளை ஒண்ணு மூணு அஞ்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்காளே, அது எதுக்கு என்றார். சுகிர்தா சிரித்தாள். அப்படி யாரும் இல்லக்கா என்றாள். இன்னொரு தடவை ஓட்டினாள். அப்போது கேட்டது. கேட்டபிறகு வேறு எதுவும் கேட்கவில்லை.

ரேஞ்சர் காட்டுக்குள் நுழைந்துவிட்டார். தொட்டிக் காட்சி முடிந்ததைக் கவனிக்கவே இல்லையே என்று சுகிர்தாவுக்குத் திக்கென்றது. பதினான்கு நிமிஷம். சரி, ரேஞ்சர் டார்ச் லைட்டைக் கீழே போடுவார், அப்போது எழுந்துவிட வேண்டும். நேற்றே சொல்லியிருக்கலாமே என்றால், நேற்று மறைமலை சார் மௌனம். படம் வெளியாவதற்கு முந்தின நாள் அவர் வாய் திறக்க மாட்டார், ஃபோனையும் எடுக்க மாட்டார், வீட்டில் மனைவிக்கே எழுதித்தான் காட்டுவார். ஜெரால்டைப் பிடித்தாள். அவன் அரை மணி நேரம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, அழுகிற மாதிரி ஆகி, பிரிண்ட் எல்லா ஊருக்கும் போயாச்சு, திங்கட்கிழமை மாத்தி அனுப்பலாம், அதுக்கு முன்னாடி ஒண்ணும் பண்ண முடியாது என்றான். இன்று காலை தியேட்டர் வாசலில் சொல்லப் போனாள். மாலை போட்டார்கள், மைக்கை நீட்டினார்கள், அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். இடைவேளையில் அவரே இவளைத் தேடி வந்தார். முகம் கருத்திருந்தது. "முதல் பாதி போகட்டும் சுகிர்தா. கொட்டகை வருதுல்ல. பாரு, அங்க அடங்கிடுவாங்க" என்றார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். விநியோகஸ்தர் வீட்டு ஆள் வந்து கையைப் பிடித்து இழுத்தார் என்பது உண்மைதான். அதற்கு முன்னால் ஒரு பத்து விநாடி இருந்தது என்பதும் உண்மைதான். அந்தப் பத்து விநாடியில் அவள் வாயில் டீ இருந்தது, அதை விழுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் டீயைப் பத்து விநாடி விழுங்குகிறவள் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

வேறு வழி ஒன்றும் இல்லாமல் இல்லை. மேலே கேபினுக்குப் போய் ஆபரேட்டரிடம் அண்ணே, அந்த இடத்துல ஒரு நிமிஷம் சத்தத்தைக் குறைச்சு வைங்க என்றால் செய்துவிடுவார். இந்த தியேட்டரில் மட்டும் கேட்காது. அவர் இந்த தியேட்டரில்தானே இருக்கிறார். காட்டுச் சத்தமும் போய்விடும், சவுண்டு போச்சு என்று இவர்கள் கூச்சல் போடுவார்கள், அவர் இயந்திரக் கோளாறு என்று நினைத்துக்கொள்வார், திங்கட்கிழமை மாற்றிவிட்டால் எப்போதுமே தெரியாமல் போகலாம். நல்ல யோசனைதான். இவ்வளவு நல்ல யோசனை எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். அரக்கோணத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள்ளூர் கேபிளில் டப்பிங் செய்த சிலந்திப் படம் போடுவான். அவளும் அண்ணனும் பார்த்து மார்க் போடுவார்கள், காலுக்கு ஒரு மார்க், மொத்தம் எட்டு. அண்ணன் மூன்றுக்கு மேல் போட்டதே கிடையாது. ஒரு படத்தில் சிலந்தி ஒன்று வீட்டுக்குள் வந்து, யாரையும் கடிக்காமல், ஒரு நாற்காலிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான், வீட்டுக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். சுகிர்தாவுக்கு முதுகெல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். எத்தனை போடுற என்று கேட்டான். எட்டு என்று நாக்கு நுனிவரை வந்தது. ரெண்டு என்றாள். அன்று சாயங்காலம் குளிக்கப் போகப் பயந்து, தலைவலி என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டாள். இப்போதும் பக்கத்தில் சிரிக்கிறவனின் வாயைப் பார்த்துத்தான் பாதிப் பேர் மார்க் போடுகிறார்கள். அந்தப் பாதிப் பேர் எல்லாருக்கும் வீட்டில் ஒரு தலைவலி இருக்கும். இல்லை, கேபினுக்குப் போகப் போவதில்லை. இந்த ஒரு தடவை எட்டு என்றால் எட்டு, ரெண்டு என்றால் ரெண்டு. அவர் இதை இருநூறு பேரின் சிரிப்பிலிருந்து கேட்கக் கூடாது. அவள் வாயிலிருந்து கேட்க வேண்டும்.

டார்ச் லைட் கீழே விழுந்தது. விழுந்து, அணைந்து, ரேஞ்சர் கத்தி, செத்து, கதாநாயகி அழவும் ஆரம்பித்துவிட்டாள். சுகிர்தா எழுந்தாள். ஆறு நிமிஷம்கூட இல்லை. முதல் முழங்கால் ஒரு தடித்த அம்மாள், மடியில் தூக்குச்சட்டி, வழிவிட மூன்று தடவை காலை இடம் மாற்றினார். அடுத்தது தூங்கிக்கொண்டிருந்த ஓர் ஆள், ஏசிக்காக வந்தவர், அவரைத் தாண்டும்போது அவர் காலை மிதித்துவிட்டாள், அவர் யம்மா என்றார், பின்னால் யாரோ, "உக்காரும்மா, சிலந்தியைவிட நீதான் பெருசா தெரியற" என்றான். அதற்கும் சிரித்தார்கள். சிரித்துக்கொள்ளட்டும் என்று அவள் குனியக்கூட இல்லை. மலையில் இதைவிட மோசமான இடத்தில் இதைவிட இருட்டில் காலை வைத்திருக்கிறாள். காதலர்கள் இருவர் கைகளைப் பிரிக்க மனமில்லாமல் மேலே தூக்கிப் பாலம் மாதிரி வழிவிட்டார்கள். கடைசி முழங்கால் ஒரு சின்னப் பெண் குழந்தையுடையது, அது சீட்டுக்கு மேலே காலை மடக்கி உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் அப்பாவின் சட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தியேட்டரில் பயந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று சுகிர்தா குறித்துக்கொண்டாள். படியில் இறங்கித் திரைச்சீலை ஓரம் போய் நின்றாள். மறைமலை சார் திரும்பிப் பார்த்தார். வாசலில் போட்ட மாலையிலிருந்து உதிர்ந்த ஒரு சம்பங்கி இதழ் காலரில் ஒட்டியிருந்தது. எடுத்துவிடலாமா என்று கை போனது. கையை இறக்கிக்கொண்டாள். இதுவும் டீ விழுங்குகிற வேலைதான்.

"சார், கொட்டகை ஷாட்ல என் குரல் இருக்கு" என்றாள்.

"என்ன குரல்?"

"நான் நம்பர் சொன்னேன்ல. ஒண்ணு மூணு அஞ்சு ஏழு. அது அப்படியே இருக்கு. ஜெரால்டு எடுக்கல. நான்தான் கேட்டுட்டு ஓகே போட்டேன். நேத்துதான் தெரிஞ்சுது. எல்லா ஊர்லயும் அப்படித்தான் ஓடுது."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். கோபம் இல்லை. தூக்கமில்லாமல் உளறுகிறாள் என்று நினைத்த மாதிரி இருந்தது.

"நான் அம்பது தடவை பாத்திருக்கேன் சுகிர்தா. அப்படி ஒண்ணும் இல்ல."

"நானும் பாத்திருக்கேன் சார். நமக்குக் கேக்காது. மலையில இருந்தவங்க யாருக்கும் கேக்காது."

"சும்மா இரு. வருது."

வந்துவிட்டது. தார்ப்பாய்க் கூரை, அதன் கீழே பதினாறு உடம்புகள், யாரோ ஒருவர் தூக்கத்தில் புரண்டு படுத்தார். அது நடிப்பல்ல, நிஜமாகவே தூங்கிவிட்ட ஒரு கூலி ஆள். கூரையின் கிழிசல் வழியாக முதல் கால் இறங்கியது. சுகிர்தா திரையைப் பார்க்கவில்லை, அவரைப்போலவே திரும்பி நின்று முகங்களைப் பார்த்தாள். முதலில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது, முந்தைய காட்சியின் மிச்சம். அது வடிந்தது. இரண்டாவது கால் தூங்குகிற ஒருத்தியின் விரித்த தலைமயிருக்கு ஓர் அங்குலம் தள்ளி ஊன்றியபோது கல்லூரிப் பையன் நெஞ்சா வயிறா என்ற விளக்கத்தைப் பாதியில் நிறுத்தினான். மெக்கானிக்கின் வரிசையில் ஒரு ஃபோன் வெளிச்சம் அணைந்தது. தூக்குச்சட்டி அம்மாள் சட்டியின் காதைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. இருநூறு பேர் வாயைத் திறந்தபடி, திறந்திருப்பது தெரியாமல், உட்கார்ந்திருந்தார்கள். அவர் சொன்னது நடக்கிறது, சிலந்தி நடக்கிறது, இவர்கள் அடங்கிவிட்டார்கள், தேங்காய் நாரும் இண்டிகேட்டரும் எங்கோ போய்விட்டன. அந்த அமைதியில் பூச்சிகள் கேட்டன. பூச்சிகளுக்கடியில் தன் குரலை அவள் கேட்டாள். ஒண்ணு மூணு அஞ்சு ஏழு, ரெண்டு நாலு ஆறு எட்டு. இன்னொரு சுற்று. யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்காமலே போய்விடுமோ என்று ஒரு நப்பாசை எழும்பியது. முதல் பாதி மாதிரி கத்திக்கொண்டே இருந்திருந்தால் இந்தக் குரல் யார் காதிலும் விழப்போவதில்லை. இவர்கள் இப்படி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்ததால்தான் அது விழப்போகிறது. மூன்றாவது சுற்றில் அந்தப் பெண் குழந்தை, சட்டைத் துணியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னது:

"அப்பா, ஒரு ஆன்ட்டி எண்ணுறாங்க."

அவ்வளவுதான். ஒரு நொடி எல்லாரும் காதைத் தீட்டினார்கள். பிறகு பின்வரிசையில் ஒருவன் ஏழு என்றான், இன்னொருவன் ரெண்டு என்றான், சிரிப்பு கூரையில் போய் மோதியது. அடுத்த சுற்றுக்குள் பாதி தியேட்டர் கூடவே எண்ண ஆரம்பித்துவிட்டது. சிலந்தியின் கால் ஒவ்வொன்றும் அவர்கள் சொல்லச் சொல்ல ஒழுங்காக இறங்கியது. அது அவர்களுக்கு இன்னும் குஷியாகிவிட்டது.

மறைமலை சார் ஒவ்வொரு வரிசையாக ஆட்களைப் பார்த்தார். "ஏன் சிரிக்கிறாங்க? கயிறு தெரியுதா? எதுக்கு நம்பர் சொல்றாங்க?" என்று கேட்டார். அவருக்கு இன்னும் கேட்கவில்லை. இருநூறு பேருக்குக் கேட்பது அவருக்குக் கேட்கவில்லை. சுகிர்தா நெருங்கி நின்று, அவர் காதுப் பக்கம் வாயைக் கொண்டுபோய், திரையிலிருந்த தன் குரலோடு சேர்ந்து எண்ணினாள். ஒண்ணு. மூணு. அஞ்சு. ஏழு. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ரெண்டு. நாலு. ஆறு என்னும்போது அவர் கை திரைச்சீலையை இறுக்கிப் பிடித்தது. போதும் என்று தலையசைத்தார். அவள் நிறுத்தினாள். திரையில் அவள் நிறுத்தவில்லை.

கொட்டகையின் மறுபக்கத்தில் சிலந்தி வெளியேறும்வரை அவர் திரைச்சீலையை விடவில்லை. திட்டுவார் என்று அவள் நின்றாள். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், எண்ணியதைத் திட்டினால் மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று தயாராக நின்றாள். ஷாட் முடிந்து கைதட்டினார்கள். அது எந்த வகைக் கைதட்டல் என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது.

"தாசுக்கு அடிபட்டதுக்கு அப்புறம் எடுத்தது, இல்ல?" என்றார்.

"ஆமா சார். ஏழு நாள் கழிச்சு. அவரே இடது கையால ஆறாவது கயிறு பிடிச்சாரு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகு நேரம் துடைத்தார். பிறகு அவளைப் பார்க்காமல், சீட்டுகளைப் பார்த்தபடியே, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"அந்தக் குழந்தை சொல்றதுக்கு முன்னாடி, அடங்கினாங்கல்ல?"

"அடங்கினாங்க சார்."

"ஒரு நிமிஷம் இருக்குமா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். இருட்டில் யார் பார்த்தார்கள், அவரிடம் கடிகாரமும் இல்லை, அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் நிம்மதியாக இன்னும் பத்து வருஷம் ஓட்டுவார். ஆனால் ஒரு சுற்று எவ்வளவு நேரம் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான்.

"இல்ல சார்" என்றாள். "முழுசா அடங்கினப்புறம் ரெண்டு சுத்து. பதினோரு செகண்ட்."

அவர் உதடு அசைந்தது. பதினொன்று என்று சொன்னாரா, இல்லை ஒன்றிலிருந்து பதினொன்றுவரை எண்ணிப் பார்த்தாரா, தெரியவில்லை. ஏதோ ஒன்றை முடித்துக்கொண்ட மாதிரி தலையை ஆட்டினார். பிறகு திரைச்சீலையை விட்டுவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாகத் திரையைப் பார்க்கத் திரும்பி நின்றார்.